கையில் எவ்வளவு வரும்?

2000 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் திருச்சி கண்டோன்மெண்டில் எங்கள் வங்கியின் மண்டல அலுவலக மாடிப்படியில் நின்ற கூட்டம் முழுக்க எங்கள் ஊழியர்கள்தான். மணப்பாறை, லால்குடி, முசிறி, பெரம்பலூர் என்று ஒவ்வொரு கிளையிலிருந்தும் அரை நாள் லீவ் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். வி.ஆர்.எஸ். சர்க்குலர் வந்திருந்த நேரம். நான் ஸ்டாஃப் செக்ஷனில் கிளார்க். வேலையை விட்டால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குத் தாள் போட்டுத் தருவது என் வேலை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: “மேடம், கையில எவ்வளவு வரும்?”

இன்று என் மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பதும் அதே கேள்விதான். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனி. இருபது வருடம் ஓடியது போதும், நாற்பத்தைந்தில் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாள். அன்றைக்கு லட்சத்தில் பேசினார்கள், இவள் கோடியில் பேசுகிறாள். அன்றைக்கு ஃபுல்ஸ்கேப் தாளும் கார்பனும், இன்றைக்கு எக்ஸெல். இரண்டிலும் ஒரு கட்டம் மட்டும் இல்லவே இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம், என்னவென்று சொல்லிவிடுகிறேன். கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. அரசு வங்கிகளில் ஆள் அதிகம் என்று 1998-லேயே இரண்டாவது நரசிம்மம் கமிட்டி சொல்லியிருந்தது. இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரித் திட்டம் போட, வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. பதினைந்து வருட சர்வீஸ் முடித்திருந்தாலும் சரி, நாற்பது வயதைத் தாண்டியிருந்தாலும் சரி, விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அறுபது நாள் சம்பளம், அல்லது மீதியிருக்கும் மாதங்களின் சம்பளம், இரண்டில் எது குறைவோ அது எக்ஸ்கிரேஷியா. நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வெளியே வந்தார்கள்.

ஒரு ஹெட் கேஷியரின் தாள் இன்னும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வயது ஐம்பது, சர்வீஸ் இருபத்தெட்டு. அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்த்து 13,000 ரூபாய். இருபத்தெட்டு வருடத்துக்கு ஐம்பத்தாறு மாதச் சம்பளம். ஓய்வு வயதான அறுபதுக்கு இன்னும் நூற்றிருபது மாதம் இருக்கிறது. ஆகவே ஐம்பத்தாறு மாதக் கணக்கு. 7,28,000 ரூபாய். அதோடு பி.எஃப்., கிராஜுட்டி, சேர்ந்து கிடந்த லீவுக்கான பணம். வீட்டுக் கடனையும் சொசைட்டி கடனையும் கழித்த பிறகு பன்னிரண்டு லட்சம் நின்றது. அவர் அந்தத் தொகையை விரலால் தொட்டுப் பார்த்தார். தினமும் லட்சக்கணக்கில் நோட்டு எண்ணிய விரல்கள்தான். ஆனால் அதில் ஒரு கட்டுகூட அவருடையதாக இருந்ததில்லை.

“பத்து பர்சென்ட்னா மாசம் பத்தாயிரம். வேலைக்கு வந்தாலும் பிடித்தம் போக அதுதானே வருது?”

கணக்கு தப்பில்லை. 2001 தொடக்கத்தில் நீண்ட கால டெபாசிட்டுக்கு வட்டி பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. பி.எஃப்.புக்குப் பன்னிரண்டு சதவீதம் பார்த்துப் பழகிய தலைமுறை அது. வட்டி என்பது இறங்கக்கூடிய பொருள் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. மூன்றே வருடத்தில் அது ஐந்தரைக்கு வந்தது. அதே பன்னிரண்டு லட்சத்துக்கு மாதம் ஐயாயிரத்து ஐநூறு. சாப்பாட்டுச் செலவு அதற்காகக் காத்திருக்கவில்லை. 2004 ஆகஸ்ட்டில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஒன்பது சதவீதத்தோடு வந்தது உண்மைதான். அதற்கு அறுபது வயது ஆக வேண்டும், விருப்ப ஓய்வு பெற்றவர் என்றால் ஐம்பத்தைந்து. ஐம்பதில் வெளியே வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். சிலர் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு ஃபைனான்ஸ் கம்பெனிகளில் போட்டார்கள். அந்தக் கதைகள் தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் உண்டு, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வட்டி இறங்கியதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. அது 2001-ல் ஆரம்பித்ததும் அல்ல. வங்கி ஊழியர்களுக்குப் பென்ஷன் என்பதே 1993 அக்டோபர் ஒப்பந்தத்தில்தான் வந்தது. 1995-ல் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்: பி.எஃப்.பிலேயே இருந்தால், ஓய்வு பெறும்போது உன் பங்கும் வங்கியின் பங்கும் மொத்தமாகக் கைக்கு வரும். பென்ஷன் என்றால், வங்கியின் பங்கு பென்ஷன் நிதிக்குப் போய்விடும், மாதாமாதம் பென்ஷனும் அதன் மேல் டி.ஏ.வும் வரும். எங்கள் பக்கத்துக் கிளைகளில் முக்கால்வாசிப் பேர் பி.எஃப்.பையே பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் டிஃபன் பாக்ஸைத் திறந்தபடியே பேசுவார்கள்: “நாம போயிட்டா பென்ஷனும் போச்சு. பி.எஃப்.னா பிள்ளைங்களுக்காவது மிஞ்சும்.” மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு என்ற வரி அதே விதிகளில் இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு.

எங்கள் அலுவலகத்து தஃப்தரி பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தவர். காரணம் அவர் மனைவி. பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியாரம்மா, கணவர் இறந்த பிறகும் மாதாமாதம் கருவூலத்திலிருந்து பணம் வாங்குவதைப் பார்த்திருக்கிறார். “எனக்கும் அந்த மாதிரி வர்றதுக்கு எழுதிக் குடுங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். 2001-ல் அவரும் வி.ஆர்.எஸ்.ஸில் போனார். மூன்றில் ஒரு பங்கைக் கம்யூட்டேஷன் செய்து மொத்தமாக வாங்கிக்கொண்ட பிறகு அவருக்கு வந்த முதல் மாதப் பென்ஷன் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹெட் கேஷியரின் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்து அதைப் பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். பதினைந்து வருடம் முடிந்ததும் கம்யூட் செய்த பங்கு திரும்ப வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டி.ஏ. ஏறியது. இன்றைக்கு அவர் பென்ஷன் பதினோராயிரத்தை ஒட்டி வருகிறது. அவருக்கு எக்ஸெல் தெரியாது, வட்டி எவ்வளவு என்று அவர் பேப்பரில் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பென்ஷன்காரர்களுக்கும் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்துவிடவில்லை. விருப்ப ஓய்வு பெற்றால் பென்ஷன் கணக்கில் ஐந்து வருடம் வரை கூட்டித் தர வேண்டும் என்று விதி இருந்தது. வங்கிகள் இந்த வி.ஆர்.எஸ்.ஸில் போனவர்களுக்கு அது பொருந்தாது என்றன. உச்ச நீதிமன்றம் 2009-ல் ஊழியர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கிடைத்தது. இடையில் எட்டு வருடம். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பி.எஃப்.காரர்களுக்கு வாசல் 2010-ல் திறந்தது. ஏப்ரல் 27-ஆம் தேதி ஒப்பந்தம். முன்பு பென்ஷன் வேண்டாம் என்றவர்கள், ஓய்வு பெற்றுப் போனவர்கள் உட்பட, இன்னொரு முறை எழுதிக் கொடுக்கலாம். ஓய்வு பெற்றவர்கள் அப்போது வாங்கிய வங்கியின் பி.எஃப். பங்கையும் அதன் வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு மேல் ஐம்பத்தாறு சதவீதமும் சேர்த்து. இரண்டரை லட்சம் வாங்கியவர் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் கட்ட வேண்டும். பணம் அதற்குள் கல்யாணமாகவும் கல்லூரிக் கட்டணமாகவும் செங்கல்லாகவும் மாறியிருந்தது.

ஹெட் கேஷியரின் மனைவியை முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கும் இந்த வாய்ப்பு உண்டு என்று யாரோ சொல்லி வந்திருந்தார். நான் 2001-ல் போட்டுக் கொடுத்த கணக்குத் தாள், மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியபடி, மஞ்சள் பைக்குள் இருந்தது. அதை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு அவர் கேட்டார்: “இதுல எனக்குன்னு எதாவது எழுதியிருக்கா மேடம்? படிச்சுச் சொல்லுங்க.”

எழுதவில்லை. அந்தத் தாளில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. தலைமை அலுவலகம் அனுப்பிய படிவம் அப்படித்தான் இருந்தது: எக்ஸ்கிரேஷியா, பி.எஃப்., கிராஜுட்டி, லீவ், பிடித்தம், நிகரத் தொகை. அவ்வளவுதான். மாடிப்படியில் நின்ற அத்தனை பேரிலும் மனைவியை அழைத்து வந்தவர் என்று எனக்கு ஒருவர்கூட ஞாபகம் வரவில்லை. வேலையை விடுவது ஒரு ஆள் எடுக்கும் முடிவு. அதன் விளைவோடு அவருக்குப் பின்னும் பல வருடம் வாழ்வது இன்னொருவர். அன்றைய வங்கிக் குடும்பங்களில் பெரும்பாலும் மனைவி ஐந்தாறு வயது இளையவர். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தம்மா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். குடும்பப் பென்ஷன் வந்தது. அதிலும் வங்கிகளில் உச்சவரம்பு ஒன்று இருந்தது; 9,284 ரூபாய்க்கு மேல் யாருக்கும் போகாது. அந்த வரம்பை எடுத்துவிட்டுக் கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம் என்று அறிவித்தது 2021 ஆகஸ்ட்டில்தான். பணம் புரட்ட முடியாமல் அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை இன்றும் கோயிலில் பார்க்கிறேன். நலம் விசாரித்துக்கொள்வோம். பென்ஷன் பேச்சை நான் எடுப்பதில்லை.

போகாமல் இருந்தவர்கள் என்ன ஆனோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆள் குறைந்த கிளைகளில் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்தோம். இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்திருக்கிறேன். மாமியார் படுத்த படுக்கையாக இருந்த வருடத்தில் நானும் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தேன்; என் கணவர்தான் “உன் பென்ஷன் ஒரு நாள் நம்ம ரெண்டு பேருக்கும் வேணும்” என்று சொல்லி நிறுத்தினார். 2005-லும் 2010-லும் 2015-லும் சம்பள ஒப்பந்தங்கள் வந்தன. பென்ஷன் கடைசிப் பத்து மாதச் சம்பளத்தின் சராசரியில் பாதி என்பதால், ஒவ்வொரு ஒப்பந்தமும் பென்ஷனைத் தூக்கியது. முன்னால் போனவர்களின் அடிப்படைப் பென்ஷன் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர்கள் காலத்து மேனேஜரைவிட இப்போது ஓய்வு பெறும் கிளார்க் அதிகம் வாங்குகிறார். இது நியாயமில்லை என்று ஓய்வு பெற்றோர் சங்கங்கள் வருடக்கணக்கில் சொல்லிவருகின்றன, நானும் சொல்கிறேன். அரசு ஊழியருக்குச் சம்பளக் குழு வரும்போதெல்லாம் பென்ஷனும் திருத்தப்படுகிறது. என் அப்பா 1984-ல் தலைமையாசிரியராக ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். அவர் கனவிலும் பார்த்திராத தொகையை இன்று அம்மா குடும்பப் பென்ஷனாக வாங்குகிறார். எண்பது வயதைத் தாண்டியதற்குத் தனியாக இருபது சதவீதம் கூடுதல். அம்மா யாரிடமும் கை நீட்டாமல் பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறார் என்றால் அதற்குக் காரணம் அந்தப் பென்ஷன். 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தமிழக அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனது. வங்கிகளிலும் 2010-க்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகள் என்.பி.எஸ்.தான்.

என் மகளுக்கு இதில் எதுவும் இல்லை. அவளுக்கு இருப்பது ஈ.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், ஒரு ஃபிளாட், அதன் கடன், அப்புறம் அந்த எக்ஸெல். வருடச் செலவைப் போல் இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்கிறாள். மாதம் எண்பதாயிரம் என்றால் வருடத்துக்கு 9,60,000. இருபத்தைந்து மடங்கு 2 கோடியே 40 லட்சம். அவளும் மாப்பிள்ளையும் சேர்த்ததில் அதை நெருங்கிவிட்டார்கள். எனக்குப் பெருமைதான், அவ்வளவு ஒழுங்காகச் சேமித்த பிள்ளைகள். ஆனால் இந்த இருபத்தைந்து மடங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் போட்ட கணக்கு. அந்த நாட்டுப் பங்குச் சந்தை, அந்த நாட்டு விலைவாசி, முப்பது வருட ஓய்வுக் காலம். நாற்பத்தைந்தில் நிறுத்துகிற என் மகளுக்கு நாற்பது வருடமாவது வேண்டும். இங்கே விலைவாசி ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். அவளுக்கு ஐம்பத்தேழு ஆகும்போது எண்பதாயிரம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். அறுபத்தொன்பதில் மூன்று லட்சத்து இருபதாயிரம். நான் இன்றைக்கு இருக்கும் வயதைவிட அது கொஞ்சம்தான் கூட.

“பென்ஷன் வருமே?” என்று கேட்டால் சிரிக்கிறாள். ஈ.பி.எஃப்.போடு சேர்ந்த ஈ.பி.எஸ். பென்ஷனை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தாலும் பெரிய பலன் இருக்காது. 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்து, சர்வீஸால் பெருக்கி எழுபதால் வகுப்பார்கள். முப்பத்தைந்து வருட சர்வீஸ் போட்டாலும் மாதம் 7,500. டி.ஏ. கிடையாது. அவளுக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு அதில் பாதி. எங்கள் தஃப்தரி அளவுக்குக்கூட வராது. கோடிகளில் சம்பாதிக்கிற தலைமுறைக்கு, சாகும் வரை மாதாமாதம் தானாக வந்து விழுகிற பணம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான் இருக்கிறது.

அந்த எக்ஸெல்லில் இல்லாத இன்னொரு வரி மருத்துவக் காப்பீடு. இப்போது கம்பெனியே அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் குழுக் காப்பீடு கொடுக்கிறது. கடைசி வேலை நாளோடு அது போய்விடும். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரையோடு தனியாகப் பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசி எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்புக் காலம் குழுக் காப்பீட்டின் நிழலிலேயே ஓடிவிடும். வங்கியில் ஓய்வு பெற்றவர்களுக்கு 2015-ல் குழுக் காப்பீடு வந்தபோது நிம்மதியாக இருந்தது. தவணையை நாங்களே கட்ட வேண்டியிருந்தது, அது ஏறிய வேகத்தில் பலர் விட்டுவிட்டார்கள். எழுபது வயதில் காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் பன்னிரண்டு லட்சம் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதில் பிடிவாதமாக நின்றேன். போன மாதம் பாலிசி எடுத்துவிட்டாள்.

பிறகு ஈ.பி.எஃப். தளத்தைத் திறக்கச் சொன்னேன். நாமினி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிக் கொடுத்தது. கல்யாணமான பிறகு அந்தப் பழைய நியமனம் செல்லாது, புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவளுக்குத் தெரியாது. இவ்வளவு துல்லியமாக நாற்பது வருடத்துக்கு வரி போட்டு வைத்திருக்கும் எக்ஸெல்லில், “எனக்கப்புறம்” என்று ஒரு வரி இல்லை.

“மாப்பிள்ளை இதைப் பார்த்திருக்காராடி?”

“அவருக்கு இதெல்லாம் புரியாதும்மா.”

2001-ல் மாடிப்படியில் நின்ற ஆண்கள் தங்கள் மனைவிகளைப் பற்றிச் சொன்னதும் இதே வார்த்தைதான். அன்றே மாப்பிள்ளையை உட்காரவைத்துப் பேசினோம். இரவு பதினோரு மணியாகிவிட்டது. அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஃபிளாட் கடன் யார் பெயரில் இருக்கிறது, இவள் வேலையை விட்ட பிறகு தன் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று இவள் யோசிக்காத இரண்டு கேள்விகளை அவர்தான் கேட்டார். கடன் அடையும் வரை, பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை வேலையில் இருப்பது, அதற்குப் பிறகு அரை நேர வேலையாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பது என்று இருவருமாக முடிவு செய்திருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அவளுடைய களைப்பு பொய்யில்லை, அதையும் நான் பார்க்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெண் இரவு இரண்டு மணிக்கு அமெரிக்காக்காரனோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அவள் போதும் என்று சொல்வதில் தப்பே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ராஜினாமாக் கடிதத்தையோ விருப்ப ஓய்வு விண்ணப்பத்தையோ மேஜையில் வைத்திருந்தால், ஒரு வேண்டுகோள். இன்றிரவே கணவரையோ மனைவியையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வரி எழுதுங்கள்: மாதம் எவ்வளவு வரும், பத்து வருடம் கழித்து அது எவ்வளவாக இருக்கும், நான் இல்லாவிட்டால் உனக்கு எவ்வளவு வரும். மூன்றாவது வரியை அவரே தன் கையால் எழுதட்டும். நாமினியின் பெயரையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, வங்கிகளுக்கும் நிதி அமைச்சகத்துக்கும். 2010-ல் பணம் கட்ட முடியாமல் பென்ஷனுக்கு வெளியே நின்றவர்களும், பழைய அடிப்படையிலேயே பென்ஷன் வாங்குகிறவர்களும் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.